‘குழந்தைத் தலை’ என்ற பொத்தான்

அக்டோபர் 7, திங்கள்

இந்த டைரி மருந்துக் கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்தது. ஒன்பது மாதம் ஃப்ரிட்ஜ் மேல் கிடந்தது. இன்று எழுத ஒரு விஷயம் இருக்கிறது.

எங்கள் ஆஸ்பத்திரிக்குத் தரச்சான்றிதழ் வாங்கப் போகிறார்கள். அதற்காக வந்த ஆலோசகர் சிடி ஸ்கேன் அறைக்கும் வந்தார். ஒவ்வொரு ஸ்கேனிலும் நோயாளிக்கு எவ்வளவு கதிர்வீச்சு போகிறது என்று தனி ரெஜிஸ்டரில் எழுத வேண்டுமாம்.

“அதை எங்க சார் பாக்குறது?” என்றேன்.

“கடைசியா ஒரு பக்கம் வருமே மேடம், எண்களா?” என்றார்.

வருகிறது. இந்த மெஷின் முன் உட்கார்ந்து பதினொரு வருடம் ஆகிறது, பதினொரு வருடமாக வருகிறது. ஃபிலிம் போடும்போது அந்தப் பக்கத்தை மட்டும் விட்டுவிடுவோம். படம் இல்லாத பக்கம் என்பதால் யாரும் கேட்டதில்லை.

இன்று ஒன்பது பேர். தலை என்றால் 57, 58, 57. வயிறு என்றால் 12, 14. மில்லிகிரே என்பது அலகு. வயிற்றைவிடத் தலைக்கு ஏன் நாலு மடங்கு? மண்டையோடு தடுக்கிறது, அது ஒன்று. மூளைக்குள் ஒரு பகுதிக்கும் இன்னொரு பகுதிக்கும் நிற வித்தியாசம் மிகக் குறைவு, அதைப் பிரித்துக் காட்ட நிறைய வேண்டியிருக்கிறது. கல்லூரியில் படித்து மறந்தது, வீட்டுக்கு வரும் பஸ்ஸில் மெல்ல மெல்ல நினைவுக்கு வந்தது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட் ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டேன்.

அக்டோபர் 9, புதன்

கேஸ் சிலிண்டர் புக் செய்தாயிற்று. இன்று பதினொரு பேர். கடைசிப் பக்கத்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், நெற்றியில் ஒரு செவ்வந்தி மாலை. பீர் அண்ணன்தான் ஏணி போட்டு மாலையை மாட்டினார். பீர் முகமது என் கூட வேலை பார்க்கும் இன்னொரு டெக்னீஷியன். நான் காலை என்றால் அவர் மாலை, சில நாள் மாற்றிக்கொள்வோம். வாசலில் உடைக்க இரண்டு வெண்பூசணி வாங்கி வந்துவிட்டார்கள். ஒன்றை உடைத்தார்கள். இன்னொன்று உடை மாற்றும் அறையில் ஸ்டூலுக்கு அடியில் கிடக்கிறது.

அக்டோபர் 15, செவ்வாய்

இன்று தர்ஷிகா வந்தாள். ஏழு வயது. மூன்று வயதிலேயே அவள் தலைக்குள் நீர் தேங்குகிறது என்று கண்டுபிடித்து, அதை வயிற்றுக்கு இறக்கிவிட ஒரு மெல்லிய குழாய் வைத்திருக்கிறார்கள். தலைவலி என்றாலும் வாந்தி என்றாலும் குழாய் அடைத்துக்கொண்டதோ என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். இது பன்னிரண்டாவது தடவை. அம்மா பாண்டீஸ்வரிக்குக் காய்கறி மார்க்கெட்டில் தக்காளி தரம் பிரிக்கிற வேலை. ஸ்கேன் முடிந்தபின் என் பக்கத்தில் வந்து நின்று திரையையே பார்த்தாள்.

“பெரியாளுக்கும் சின்னதுக்கும் ஒரே அளவாத்தான் அடிக்குமாக்கா, இந்தக் கதிரு?”

“இல்லம்மா. பிள்ளைகளுக்குன்னு தனிப் பொத்தான் இருக்கு. அதுலதான் எடுக்குறேன்.”

‘குழந்தைத் தலை’ என்று இருக்கும். அதைத்தான் அழுத்தினேன். அவர்கள் போன பிறகு கடைசிப் பக்கத்தைத் திறந்தேன்.

56.

காலையில் வந்த ஐம்பத்தெட்டு வயது லாரி டிரைவருக்கு 57.

குழாய் நன்றாக வேலை செய்கிறது என்று ரிப்போர்ட் வந்தது. வெறும் அஜீரணம்.

அக்டோபர் 16, புதன்

மெஷினில் இரண்டு பொத்தான்களின் உள்ளே போய்ப் பார்த்தேன். ‘பெரியவர் தலை’, ‘குழந்தைத் தலை’. பெயர்தான் வேறு. மின்னோட்டம், வேகம் எல்லாம் ஒன்றே. குழந்தையின் மண்டை மெல்லியது, தலை சிறியது, பாதி போதும். மெஷின் வரும்போது அப்படித்தான் இருந்தது. இடையில் யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

டாக்டரைக் கேட்காமல் திருத்த முடியாது. எங்கள் படங்களைப் படிப்பவர் மதுரையில் இருக்கும் டாக்டர் தில்லைநாயகம். இங்கிருந்து அனுப்பினால் அங்கே அவர் வீட்டுத் திரையில் திறக்கும். போன வருடம்தான் பொறுப்பெடுத்தார். தீபாவளி முடியும்வரை அமெரிக்காவில் மகள் வீட்டில் இருக்கிறார், அங்கிருந்தே பார்க்கிறார். அவ்வளவு தூரத்துக்குப் போனில் சொல்கிற விஷயம் இல்லை, வந்ததும் சொல்லலாம்.

அக்டோபர் 19, சனி

எவ்வளவு குறைத்தால் படம் கெடும்? இது எங்கும் எழுதி வைத்திருப்பார்கள்தான். ஆனால் என் கண்ணால் பார்க்க வேண்டும் போலிருந்தது. மனிதரை வைத்துச் சோதிக்க முடியாது. ஸ்டூலுக்கு அடியில் பூசணி கிடந்தது.

மதியம் கூட்டம் இல்லாதபோது அதைத் தலை வைக்கும் குழியில் வைத்தேன். ஆடாமல் இருக்க இரண்டு பக்கமும் துண்டு. பீர் அண்ணன் ஷிப்டுக்கு வந்தவர் கண்ணாடி வழியாகப் பார்த்து நின்றுவிட்டார்.

“யாரும்மா பேஷண்ட்டு?”

“வாங்கண்ணே, விதை தெரியுதான்னு பாருங்க.”

57-இல் ஆரம்பித்தேன். உள்ளே சதை, நரம்பு, விதை ஒவ்வொன்றும் பிரிந்து தெரிந்தது. 40. வித்தியாசம் இல்லை. 28. லேசாக ரவை தூவியது போல. விதைகள் அப்படியே இருந்தன. 14. ரவை கூடியது, ஆனால் விதை எங்கே, நடுவில் வெற்றிடம் எங்கே என்று விரல் வைத்துச் சொல்லலாம். 6-இல் விதைகள் ரவைக்குள் மறைந்துபோயின.

“அப்ப பதினாலுக்கும் ஆறுக்கும் நடுவுலதான் கண்ணு மறைக்குது,” என்றார் அண்ணன். அவருக்கும் ஆர்வம் வந்துவிட்டது. மேசையை நான்கு விரல் மேலே ஏற்றி, நடுவிலிருந்து விலக்கி, மறுபடி 28-இல் எடுக்கச் சொன்னார். அதே எண்தான் வந்தது, ஆனால் ரவை அதிகம். ஆளை நட்டநடுவில் படுக்க வைக்காவிட்டால் அதே கதிருக்கு மோசமான படம். இதையும் பதினொரு வருடமாகக் கண்திட்டமாகத்தான் செய்துகொண்டிருந்தேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

மெஷின் சர்வீஸ் இன்ஜினியர் ஜெரால்டு வந்தார். பொத்தான் விஷயத்தைப் பீர் அண்ணன் அவரிடம் சொன்னார். ஜெரால்டு உள்ளே எங்கோ போய் ஒரு பட்டியலைத் திறந்தார்.

“ரெண்டாயிரத்து இருபத்தொண்ணு, பிப்ரவரி ஒம்பது, சாயங்காலம் நாலு பன்னெண்டுக்கு சேவ் பண்ணிருக்காங்க. இங்க இருக்குற யூசர்தான்.”

நாங்கள் இருவரும் ஒரே பெயரில்தான் உள்ளே போவோம். யார் என்று அதில் தெரியாது.

“அன்னைக்கு யாரு டூட்டின்னு பழைய ரெஜிஸ்டரப் பாத்தாத் தெரிஞ்சிரும்,” என்றார் அண்ணன்.

பழைய ரெஜிஸ்டரெல்லாம் மாடியில் கட்டுக் கட்டாகக் கிடக்கின்றன. பிறகு பார்க்கலாம் என்றேன்.

வீட்டில் வாஷிங் மெஷின் குழாய் பிய்த்துக்கொண்டு வராண்டா முழுக்கத் தண்ணீர். துடைத்து முடிக்க ஏழு மணி.

அக்டோபர் 24, வியாழன்

மாடிக்குப் போனேன். அந்த வருட ரெஜிஸ்டர் கிடைக்கவில்லை.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. அதிரசம் உதிர்ந்துபோனது. பாகு பதம் தவறிவிட்டது. இவர் ஸ்பூன் போட்டுச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறது என்றார். பட்டாசு வெடித்துக் கையில் காயத்தோடு இரண்டு பேர், ஸ்கேனுக்கு யாரும் இல்லை.

நவம்பர் 4, திங்கள்

தில்லைநாயகம் சார் மதுரை வந்துவிட்டார். ஐந்து படங்களை எண் எதுவும் போடாமல், வரிசையைக் கலைத்து அனுப்பினேன். எதில் கதிர் அதிகம் என்று சொல்ல முடியுமா சார் என்று கேட்டேன். பத்து நிமிடத்தில் போன் வந்தது.

“யார் தலைம்மா இது? எனக்குப் புரியவே இல்ல.”

“வெண்பூசணி சார்.”

சிரிக்கிறார் என்று தெரிந்தது. 6-ஐயும் 14-ஐயும் சரியாகச் சொல்லிவிட்டார். 57, 40, 28 மூன்றையும் மாற்றி மாற்றிச் சொன்னார்.

“ஆனா ஒண்ணு, பூசணிக்காயில ரத்தக்கசிவு கிடையாதும்மா. ஒரு குழந்தை கட்டில்லேர்ந்து விழுந்து வருது, மெல்லிசா ஒரு கசிவு இருக்கு. உங்க ரவையில அது மறைஞ்சா, நான் இல்லைன்னு எழுதிடுவேன். அது கதிரைவிடப் பெரிய ஆபத்து.”

அவர் சொல்வது சரிதான். நான் இதை யோசிக்கவே இல்லை. குறைப்பது மட்டும்தான் நல்லது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு நான் குழந்தைப் பொத்தானைப் பற்றிச் சொன்னேன். அவர் குரல் மாறியது.

“யார் மாத்தினது?”

“தெரியல சார்.”

நவம்பர் 6, புதன்

சார் எழுத்தில் அனுப்பிவிட்டார். அடிபட்டு வரும் குழந்தைக்கு 28. குழாய் வைத்த குழந்தைகளுக்கு நீர் தேங்கும் அறைகள் பெருத்திருக்கின்றனவா என்று மட்டும் பார்த்தால் போதும், அதற்கு 14. இரண்டுக்கும் தனித்தனிப் பொத்தான். நானும் அண்ணனும் சேர்ந்து உட்கார்ந்து போட்டோம். ஒவ்வொரு எண்ணையும் நான் சொல்ல அவர் வாய்விட்டுத் திருப்பிச் சொன்னார்.

அக்டோபர் 16-க்கும் இன்றைக்கும் இடையில் நான்கு குழந்தைகள் பழைய பொத்தானில் போயிருக்கிறார்கள். போனில் சொல்லியிருக்கலாம்.

நவம்பர் 12, செவ்வாய்

மாடிப்படியில் விழுந்த இரண்டு வயதுக் குழந்தை. புதுப் பொத்தானில் முதல் ஆள். 28. மேசையின் உயரத்தை மூன்று முறை சரிபார்த்தேன். மெல்லிய கசிவு ஒன்று இருந்தது. சார் அதைப் பார்த்துவிட்டார். ‘தெளிவாகத் தெரிகிறது’ என்று தனியாகச் செய்தி அனுப்பினார். இன்று மதியம் சாப்பாடு ருசித்தது.

நவம்பர் 20, புதன்

பத்தேகாலுக்கு தர்ஷிகாவைத் தோளில் போட்டுக்கொண்டு பாண்டீஸ்வரி ஓடி வந்தாள். விடியற்காலையிலிருந்து நான்கு தடவை வாந்தி. கண் சொருகுகிறது. கூப்பிட்டால் ம் என்கிறாள், அவ்வளவுதான்.

14-இல் எடுக்க வேண்டும். பூசணியில் எடுத்தது வேறு. இந்தப் பிள்ளைக்கு எடுத்த படம் தெரியாமல் போய், மறுபடி எடுக்க நேர்ந்தால் நேரமும் போகும், கதிரும் சேரும். பழையபடி 56-இல் எடுத்துவிட்டால் யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை. விரல் கொஞ்சம் நின்றது. 14-ஐ அழுத்தினேன்.

எட்டு விநாடி. படம் வந்தது. ரவை இருந்தது. ரவைக்கு நடுவில் இரண்டு கறுப்பு அறைகள், போன மாதம் பார்த்ததைவிட ஒன்றரை மடங்கு பெருத்து. எனக்கே தெரிந்தது. சார் மூன்று நிமிடத்தில் கூப்பிட்டார்.

“குழாய் அடைச்சிருக்கு. உடனே மதுரைக்கு அனுப்புங்க. நான் அங்க சர்ஜன்கிட்ட பேசிடறேன்.”

ஆம்புலன்ஸில் ஏறும்போது பாண்டீஸ்வரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். என்ன அர்த்தத்தில் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

நவம்பர் 21, வியாழன்

குழாயை மாற்றிவிட்டார்கள். கண் விழித்து இட்லி கேட்டாளாம்.

நவம்பர் 23, சனி

மதுரை சர்ஜன் தர்ஷிகாவின் எல்லாப் பழைய படங்களையும் கேட்டார். பன்னிரண்டையும் எடுத்து அனுப்பினேன். முதலாவது படத்தைத் திறக்காமல் அனுப்பியிருக்கலாம். திறந்தேன்.

இதை இங்கே எழுதிவிடுகிறேன்.

முதல் படத்தின் தேதி 9.2.2021. மாலை மூன்று ஐம்பத்தைந்து. எண் 26. அதாவது பொத்தான் அப்போது சரியாக இருந்தது. மாடியில் ரெஜிஸ்டர் கிடைக்கவில்லை என்று அக்டோபர் 24-இல் எழுதியிருக்கிறேன். கிடைத்தது. முதல் கட்டிலேயே இருந்தது. அன்று டூட்டி நான். கையெழுத்து என்னுடையது.

ரெஜிஸ்டரைப் பார்க்கும் முன்பே, ஜெரால்டு ‘நாலு பன்னெண்டு’ என்றபோதே தெரியும். அப்போதிருந்த டாக்டர் போனில் கத்தியது நினைவிருக்கிறது. ‘என்ன படம் இது, ஒண்ணுமே தெரியல.’ குழந்தைகளுக்குக் கதிர் பத்தவில்லை போல என்று நானே முடிவு செய்தேன். பெரியவர் பொத்தானில் இருந்ததைக் குழந்தைப் பொத்தானில் போட்டு சேவ் செய்தேன். யாரிடமும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு படம் பற்றி ஒரு புகாரும் வரவில்லை. அது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இன்று அந்தப் படத்தைப் பார்த்தேன். ரவை இல்லை. மண்டையோட்டின் விளிம்பு இரண்டு இரண்டாகத் தெரிகிறது, கண்குழியும் இரண்டு. பிள்ளை அசைந்திருக்கிறாள். அசைந்ததால் கலங்கிய படம். அதற்கு எத்தனை மடங்கு கதிர் கொடுத்தாலும் சரியாகாது. ஒரு நிமிடம் நின்று பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

எண்ணிப் பார்த்தேன். மூன்றே முக்கால் வருடத்தில் அந்தப் பொத்தானில் போன குழந்தைகள் 214. அவர்களில் பலமுறை வந்தவர்கள் ஆறு பேர். அதிகம் வந்தவள் தர்ஷிகா. பதினொன்று.

நவம்பர் 25, திங்கள்

பீர் அண்ணனிடம் முதலில் சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“நீ மாத்துன. நானுந்தானம்மா மூணு வருசமா அழுத்துனேன். ஒரு நாளாச்சும் அந்தக் கடைசிப் பக்கத்தப் பாத்தனா?”

எனக்கு ஆறுதல் சொல்ல அவர் அதைச் சொல்லவில்லை. அவர் முகம் அப்படி இல்லை.

நவம்பர் 29, வெள்ளி

ஆஸ்பத்திரியை நடத்தும் பெரிய டாக்டர் அறையில் நான், போனில் தில்லைநாயகம் சார். எல்லாம் சொன்னேன். மறைத்ததையும் சொன்னேன்.

“அன்னைக்கே எங்கிட்ட சொல்லிருக்கலாம்மா,” என்றார் சார். பிறகு பெரிய டாக்டரிடம் விளக்கினார். ஒரு ஸ்கேனால் வரக்கூடிய ஆபத்து மிகச் சிறியது. பல வருடம் கழித்துப் புற்றுநோய் வரும் வாய்ப்பு துளி கூடும், அவ்வளவுதான். பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் பதினொரு தடவை என்றால் அந்தத் துளியும் சேரும், அதுவும் குழந்தைக்கு.

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சொன்னா பயந்துருவாங்கம்மா. நாளைக்கு ஸ்கேன் வேணுங்கறப்போ வேணாம்னு ஓடிருவாங்க. அது அவங்களுக்குத்தான் ஆபத்து.”

அதிலும் நியாயம் இருந்தது. இந்த இரண்டு மாதத்தில் நான் அதிகம் தெரிந்துகொண்டது இதுதான், எதிர்ப்பக்கம் இருப்பவர் சொல்வதிலும் பாதிக்கு மேல் நியாயம் இருக்கிறது.

“சார், அந்தம்மா எங்கிட்ட நேரா கேட்டாங்க. ஒரே அளவான்னு. நான் இல்லைன்னு சொல்லிட்டேன்,” என்றேன்.

கடைசியில், பலமுறை வந்த ஆறு குழந்தைகளின் பெற்றோருக்கும் நேரில் சொல்வது, மற்றவர்களின் கோப்பில் எழுதி வைத்து அடுத்த முறை வரும்போது சொல்வது என்று முடிவானது. சொல்லும்போது தில்லைநாயகம் சார் மதுரையிலிருந்து வந்து கூட இருப்பதாகச் சொன்னார். தர்ஷிகா வீட்டுக்கு மட்டும் நானே சொல்கிறேன் என்றேன். விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வரும்.

டிசம்பர் 3, செவ்வாய்

மெமோ வந்தது. கையெழுத்துப் போட்டேன். முருங்கைக்காய் சாம்பார்.

டிசம்பர் 10, செவ்வாய்

தையல் பிரித்த இடத்தைக் காட்ட தர்ஷிகாவைக் கூட்டிக்கொண்டு பாண்டீஸ்வரி வந்தாள். பாதித் தலை மொட்டை. பீர் அண்ணன் பிள்ளையைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போய் மேசையை மேலும் கீழும் ஏற்றி இறக்கிக் காட்டினார். நான் பாண்டீஸ்வரியை உட்கார வைத்தேன். தில்லைநாயகம் சார் கேட்டால் போனில் பேசத் தயாராக இருந்தார்.

சொன்னேன். பொத்தான், எண், தேதி, நான்தான் மாற்றினேன் என்பது, பதினொரு படம் மெஷினில் முதலில் இருந்த குழந்தை அளவைப்போல் இரண்டு மடங்கு, அதன் ஆபத்து எவ்வளவு சிறியது, ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது என்பது. முதல் படத்தில் பிள்ளை அசைந்ததை நான் தவறாகப் புரிந்துகொண்டதும். தக்காளிச் சாறு காய்ந்த விரல்நகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“மொதப் படத்துலயா அசைஞ்சா?”

“ஆமா.”

“அன்னைக்கு ஒரே அழுகைக்கா. என்னய ஒரு கனமான கோட்டப் போடச்சொல்லி உள்ள விட்டீங்க. நாந்தான் அவ கையப் புடிச்சிக்கிட்டு நின்னேன். மெசினு சுத்த ஆரம்பிச்சதும் பயந்துட்டேன். வெடுக்குன்னு கைய எடுத்துட்டேன். அப்பத்தான் பிள்ள திரும்புச்சு.” நிமிர்ந்தாள். “அப்ப நாந்தானா?”

எனக்கு இது தெரியாது. நான்கு வருடமாக எனக்குத் தெரியாத ஒன்று அவளிடம் இருந்திருக்கிறது.

“இல்ல பாண்டீஸ்வரி. நீ கைய எடுத்தது ஒரு படம். அதை அதே அளவுல மறுபடி எடுத்திருந்தா முடிஞ்சிருக்கும். அதுக்கப்புறம் பதினோரு படம், அது நான்.”

அவள் அதை மனதுக்குள் வைத்துப் பார்ப்பது தெரிந்தது. அழவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தர்ஷிகா மேசையில் உட்கார்ந்து மேலே போய்க்கொண்டிருந்தாள்.

“இனிமே எடுக்கணும்னா எடுக்கலாமா?”

“எடுக்கணும். போன மாசம் எடுக்கலைன்னா பிள்ள இல்ல. ஆனா முன்ன போனதுல காப்பகுதிதான் போகும். ஒவ்வொரு தடவையும் எவ்வளவுன்னு நீ கேளு. யாரு எடுத்தாலும் கேளு.”

“பெரியவளானதும் இதை இவகிட்ட சொல்லணுமாக்கா?”

“சொல்லணும். டாக்டருங்களுக்குத் தெரியணும், அவளுக்கும் தெரியணும்.”

“எனக்கு இவ்வளவு வெவரமா சொல்ல வராது. நீங்க சொல்லுவீங்களா?”

“சொல்லுறேன்.”

“அப்ப உங்க நம்பரக் குடுங்க. ஆஸ்பத்திரி நம்பரு வேணாம். நீங்க இங்க இருப்பீங்களோ என்னவோ.”

சொன்னேன். ஒவ்வொரு எண்ணாக அழுத்தினாள். பிறகு பெயர் அடிக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். என்ன பெயர் போடுகிறாள் என்று பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. எட்டிப் பார்க்கவில்லை.